உஸ்தாத் ராகிபுக்குத் துக்கம் விசாரிக்க அனுமதி

ராகிப் ஸைதான் சிறையில் செத்துப்போனதில் அவருடைய தங்கையைத் தவிர மற்ற எல்லோருக்கும் ஆதாயம்தான். அரசாங்கத்துக்கு ஒரு கைதியின் சோறு மிச்சம். அவர் பேரைச் சொல்லி நடக்கிற இயக்கத்துக்கு ஒரு தியாகி வரவு. தங்கை ஹிக்மத்துக்குத்தான் ஒன்றும் வரவில்லை, உடம்புகூட வரவில்லை. சிறுநீரகம் கெட்டுவிட்டது, அடக்கம் பண்ணியாயிற்று, இடம் பிறகு தெரிவிக்கப்படும் என்று அவள் ஊரான தன்தாவின் தொலைபேசி நிலையத்துக்குப் பேசிச் சொன்னார்கள். அங்கே இணைப்புக் கொடுக்கிறவளே அவள்தான். "ஹிக்மத் ஸைதான் இருக்காங்களா?" என்று குரல் கேட்டதும் பழக்கதோஷத்தில் "கொஞ்சம் இருங்க, தர்றேன்" என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் "நான்தான்" என்றாள்.

உஸ்தாத் ராகிபைத் தெரியாதவர்கள் ஊரில் கிடையாது. தெரியாது என்று சொல்கிறவர்கள் நிறைய உண்டு, அது வேறு கதை. மனுஷர் முதலில் பூகோள வாத்தியார். பள்ளி ஆய்வாளர் பதவி உயர்வு அவரைத் தாண்டித் தாண்டிப் போயிற்று. கடைசியாக ஒருமுறை தாண்டிப் போனபோது, நாடே வழிதவறிப் போய்விட்டது என்பது அவருக்குப் புலப்பட்டது. உட்கார்ந்து 'உறங்கும் ஊர்' என்று ஒரு புத்தகம் எழுதினார். ஊரில் எல்லோரும் தூங்குகிறார்கள். தூங்குகிறவனின் தொழுகை தொழுகை ஆகாது. எழுப்பியும் எழாதவன் நம்மைச் சேர்ந்தவனே அல்லன். அவனை என்ன செய்வது என்பதை மட்டும் வாசகரின் மனசாட்சிக்கு விட்டிருந்தார். வாசகர்களின் மனசாட்சி இரண்டு சினிமாக் கொட்டகைகளையும் மஹல்லா நகரத்தில் ஒரு காவல் நிலையத்தையும் கொளுத்தியது. உள்ளே ஆட்கள் இருந்தார்கள்.

அந்தப் புத்தகத்தின் ஏழாவது அத்தியாயம் துக்கக் கூடாரங்களைப் பற்றியது. தெருவை அடைத்துப் பந்தல் போட்டு, நாற்காலி பரப்பி, சர்க்கரை இல்லாத காப்பி கொடுத்து ஆறுதல் வாங்குவது அறியாமைக் காலத்து வழக்கம் என்று அதில் வெளுத்து வாங்கியிருந்தார். அதை அவர் எழுதிய அன்று கீழ்வீட்டில் அவருடைய அம்மாவின் மையத்து கிடந்தது. கூடாரத்து வாசலில் நின்று துக்கம் வாங்க வேண்டிய ஒரே ஆண்பிள்ளை மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார். அழுகைச் சத்தம் எழுத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறது, கொஞ்சம் மெதுவாக என்று கீழே சொல்லியும் அனுப்பினார். ஹிக்மத் தனியாகத்தான் வாசலில் நின்றாள். பொம்பளை நிற்கலாமா என்று தெரு முணுமுணுத்தது, ஆனாலும் வந்து கைகொடுத்துவிட்டுப் போயிற்று.

அண்ணன் நல்லவரா கெட்டவரா என்று ஹிக்மத் யாரையும் கேட்கவில்லை. அவளுக்கே அவர்மேல் மலையளவு கோபம் உண்டு. ஆனால் செத்தது அவளுடைய அண்ணன். இத்தனை வருஷமாகத் தெருவில் ஒரு சாவு விடாமல் போய், கசப்புக் காப்பியைக் குடித்து, "மிச்சம் உங்க ஆயுசுல சேரட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தவள் அவள். செத்தவர் வாழாமல் விட்ட நாட்கள் இருக்கிறவர் கணக்கில் சேரட்டும் என்று அர்த்தம். அந்த வார்த்தையை அவளுக்கும் யாராவது வந்து சொல்ல வேண்டும். கூட்டமெல்லாம் வேண்டாம், ஒருத்தர் போதும்.

அந்த ஒருத்தர்தான் அகப்படவில்லை. சேதி பரவிய மறுநாளிலிருந்து தெருக்காரர்கள் எதிர்ப்பக்கமாக நடந்தார்கள். ரொட்டிக்கடைக்காரன் அவள் முகத்தைப் பார்க்காமல் ரொட்டியைக் கொடுத்தான். மாடி வீட்டு உம்மு ஸஈத், படிக்கட்டில் அவளைக் கண்டதும் மறந்துபோன சாமானை எடுக்கத் திரும்பி ஓடினாள். அப்படி ஒரு நாளைக்கு எத்தனை சாமான்தான் மறக்கும்?

கூடாரம் வாடகைக்கு விடுகிற ஷஹாத்தாவிடம் போனாள். தொழிலில் பெரிய கை என்பதால் ஊரில் அவரை முஅல்லிம் என்பார்கள். அவர் அவளைக் கடைக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போய், கூடாரத் துணிகளுக்குப் பின்னால் நிறுத்திப் பேசினார்.

"அக்கா, துணி ரெடி, நாக்காலி ரெடி, காப்பி நானே போடறேன். அனுமதி இருக்கா?"

"சாவுக்கு என்னய்யா அனுமதி?"

"செத்தவருக்கு வேணாம்க்கா. இருக்கறவங்களுக்குத்தான் வேணும்."

அனுமதி கொடுக்கிற சிந்தனைப் பாதுகாப்பு இயக்குநரகம் மூன்று மாடிக் கட்டடம். கர்னல் நஷ்அத் எழுந்து நின்று நாற்காலி போட்டார். ஹிக்மத்துக்கு அந்த வாரத்தில் கிடைத்த முதல் மரியாதை அது.

"உட்காருங்க மேடம். உங்க அண்ணனோட எனக்கு ரொம்ப வருஷப் பழக்கம். நேர்லதான் பாத்ததில்ல. அவரோட புஸ்தகத்த எங்கள மாதிரி ஆழமாப் படிச்சவங்க அவங்க இயக்கத்துலகூட இல்ல. எங்க பசங்கள நடுராத்திரி எழுப்பி 'ஏழாவது அத்தியாயம்'னு கேளுங்க, கடகடன்னு ஒப்பிப்பாங்க."

"துக்கம் கேக்க ஒரு கூடாரம் போடணும் சார்."

"துக்கத்துக்கு நாங்க எதிரி இல்ல, மேடம். ஆனா துக்கம் எந்தப் பக்கம் சாயுதுன்னு பாக்கணுமில்ல? நீங்க மெதுவா அழுதா அது தங்கச்சி. சத்தமா அழுதா அது அறிக்கை."

"எனக்கு அழுகையே வரலையே. யாராவது வந்து ஒரு வார்த்த சொன்னாத்தான் வரும்போல இருக்கு."

கர்னல் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் குரல் கம்மியது.

"உங்க அண்ணன் புஸ்தகம் எழுதறதுக்கு முன்னாடி நாங்க எங்க இருந்தோம் தெரியுமா? ஓட்டல் மேல ஒரு வாடக ரூம்ல. ஓடாத மின்விசிறி. ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு மாடி எழும்பிச்சு. இப்ப நாலாவது மாடிக்குக் கம்பி கட்டியாச்சு, இவர் பாட்டுக்குக் கண்ண மூடிட்டாரு. என் கீழ எத்தன குடும்பம் இருக்கு! கொஞ்சம் எங்க நிலமையையும் யோசிங்க."

இப்போது இவருக்குத் தான் ஆறுதல் சொல்ல வேண்டுமா என்று ஹிக்மத்துக்கு ஒரு கணம் குழப்பமாகிவிட்டது. கைப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் அனுமதி கிடைத்தது. அந்தி மஃரிப் தொழுகைக்கும் இரவு இஷா தொழுகைக்கும் நடுவில் மட்டும். நாற்காலிகள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்க வேண்டும், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியக்கூடாது. குர்ஆன் ஓதுகிறவரை அரசாங்கமே அனுப்பும்.

"ஆளுங்க?" என்று கேட்டாள் ஹிக்மத்.

"அதுதான் பெரிய தலைவலி. கூடாரம் காலியா இருந்தா, அரசாங்கம் பயமுறுத்திடுச்சும்பாங்க. நெறஞ்சிருந்தா, அவருக்கு இன்னும் செல்வாக்கும்பாங்க. அதனால நாங்களே அளவா நெரப்பிடறோம்."

"அவங்க துக்கம் கேப்பாங்களா?"

"சேச்சே! அவங்க டூட்டியில இருப்பாங்க, மேடம்."

கூடாரம் போடுகிற அன்று காலையில் படிக்கட்டில் குலவைச் சத்தம் கேட்டது. கல்யாண வீடு என்று தப்பாக ஏறிவிட்டார்களோ என்று ஹிக்மத் கதவைத் திறந்தாள். இயக்கத்துப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டபடி உள்ளே நுழைந்தார்கள். பின்னாலேயே கல்யாணத்துக்குக் கொடுக்கிற சிவப்புச் சர்பத் ஜாடியோடு மாவட்டப் பொறுப்பாளர் டாக்டர் ஹில்மி வந்தார். அவர் பல் டாக்டர். எல்லோரையும் வாயைப் பார்த்தே பேசுவார்.

"வாழ்த்துக்கள், சகோதரி! உங்க வீட்டுக்கு ஒரு ஷஹீத், ஒரு தியாகி!"

"எங்கண்ணன் செத்துட்டாருய்யா."

"அப்படிச் சொல்லலாமா? அழுதா அவரோட அந்தஸ்தச் சந்தேகப்பட்ட மாதிரி. சர்பத் எடுத்துக்கங்க. கூடாரம், காப்பி எல்லாம் வேண்டாமே. ஏழாவது அத்தியாயத்துல உஸ்தாத் என்ன சொல்றாரு..."

"அத அவரு எழுதறப்ப நான் கீழ எங்கம்மாவக் குளிப்பாட்டிக்கிட்டிருந்தேன்."

டாக்டர் ஹில்மியின் கண்கள் கலங்கின. பெண்கள் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? சுப்ஹானல்லாஹ்! பெத்த தாயோட சாவுகூட அந்தப் பேனாவ நிறுத்தல! இத நாம வாழ்க்கை வரலாற்றுல சேக்கணும்."

ஒரு பெண் இன்னொரு குலவை போட்டாள். ஹிக்மத்துக்கு அண்ணனைப் பற்றி யாரிடமாவது, எதையாவது சொன்னால் தேவலை போலிருந்தது. "வசந்தப் பண்டிகைக்கு உப்பு மீன்னா அவருக்கு உசிரு. நான்தான் முள் எடுத்துக் குடுப்பேன். தின்னுட்டு வயித்தப் பிடிச்சிக்கிட்டு உருளுவாரு. அடுத்த வருஷமும் திம்பாரு. டொமினோ ஆடினா கள்ள ஆட்டம் வேற."

அறையில் குலவை நின்றது.

"உஸ்தாத் ஒருநாளும் வயிறு நெறயச் சாப்பிட்டதில்ல, சகோதரி. வரலாற்றோட ரெண்டாம் பாகத்துல தெளிவா இருக்கு."

"நான் கூடவே இருந்தேனேய்யா!"

"நீங்க கூட இருந்தீங்க. நாங்க ஆய்வு பண்ணியிருக்கோம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "உள்ளதச் சொன்னா, இப்பத்தான் எங்களுக்குக் கொஞ்சம் மூச்சு வருது. உயிரோட இருந்தப்ப செறையிலேருந்து 'அப்படிச் சொல்லல, இப்படிச் சொன்னேன்'னு எதையாவது திருத்தி அனுப்பிக்கிட்டே இருப்பாரு. இனிமே அவரு சொன்னது சொன்னதுதான். எங்க பசங்க சாயங்காலம் வருவாங்க. கூடாரத்துக்கு வெளியில நிப்பாங்க. உள்ள வந்தா அத்தியாயத்துக்கு விரோதம். வராமயே இருந்தா உஸ்தாதுக்கு ஆளில்லன்னு ஆயிரும். புரியுதில்ல?"

அவளுக்குப் புரிந்தது. இதையேதான் மூன்று மாடிக் கட்டடத்திலும் சொன்னார்கள்.

சாயங்காலம் முஅல்லிம் ஷஹாத்தா தெருவை அடைத்துக் கூடாரம் கட்டினார். அரசாங்கத்து ஆட்கள் வரிசையாக வந்து, ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்தார்கள். எல்லோருக்கும் ஒரே சாம்பல் நிறச் சட்டை. எதிர்ச் சாரியில் இயக்கத்துப் பிள்ளைகள் மார்பில் கைகட்டி நின்றார்கள். அவர்களுக்கும் ஒரே மாதிரித் தாடி. நடுவில், கூடாரத்து வாசலில், துக்கம் வாங்குகிறவர்கள் நிற்கிற இடத்தில், கறுப்பு உடுத்து ஹிக்மத் ஒற்றையாக நின்றாள்.

ஓதுகிறவருக்குக் குரல் தேன்தான். ஆனால் பாகப்பிரிவினை வசனங்களுக்கு மட்டும்தான் அவருக்கு அனுமதி. மற்ற வசனங்களில் யாராவது எதையாவது புரிந்துகொண்டுவிடலாம் என்று இயக்குநரகம் பயந்தது. தாய்க்கு ஆறில் ஒரு பங்கு, மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு என்று அவர் நெஞ்சுருக ஓதினார். உஸ்தாத் ராகிபுக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. பங்கு வைக்க ஒரு மூக்குக்கண்ணாடிதான் மிஞ்சியது, அதையும் ஆதாரம் என்று எடுத்துவைத்துக்கொண்டார்கள்.

பிறகு கர்னல் உள்ளே ஒலிபெருக்கியைப் பிடித்தார். "செத்தவனுக்கும் நிழல் தர்ற அரசாங்கம் இது! இந்தக் கூடாரத் துணியப் பாருங்க! இதுல ஓட்ட இருக்கா?" வெளியே டாக்டர் ஹில்மி கையடக்க ஒலிபெருக்கிக் குழாயை வாயில் வைத்தார். "உஸ்தாத் சாகல! சாகாதவருக்கு எதுக்குய்யா காப்பி?" ஒருவர் கூடாரத்துக்கு உள்ளே பார்த்துப் பேசினார், இன்னொருவர் தெருவைப் பார்த்துப் பேசினார். வாசலில் நின்ற ஹிக்மத்துக்கு இரண்டு பேருடைய முதுகும்தான் தெரிந்தது. அவள் ஷஹாத்தாவிடம் ஒரு நாற்காலி கேட்கலாமா என்று யோசித்தாள். துக்கம் வாங்குகிறவர்கள் உட்காரக்கூடாது என்று நினைவு வந்து, கால் மாற்றி நின்றாள்.

அப்போது ஒரு வயசாளி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். மெலிந்த உடம்பு, துவைத்துத் துவைத்து வெளுத்த ஜிப்பா. நேராக அவளைப் பார்த்து வந்தார். வந்துவிட்டார், ஒருத்தர் வந்துவிட்டார் என்று கையை நீட்டினாள்.

அவர் கையைத் தொடவில்லை.

"நான் துக்கம் கேக்க வரலம்மா. எம்பேரு அப்துல் மக்ஸூத். மஹல்லாவுல தறி ஓட்டறேன்."

"சொல்லுங்க."

"எம்பையன் யூனுஸ். ஒங்கண்ணன் புஸ்தகத்தத் தலமாட்டுல வச்சுக்கிட்டுத்தான் படுப்பான். எங்க ஊரு காவல் நிலையத்துக்குத் தீ வச்சானுங்கள்ல, அதுல அவனும் ஒருத்தன். வெளிய வரத் தெரியாம அவனும் அதுலயே போயிட்டான்." அவர் முதலில் சாம்பல் சட்டைகளையும் பிறகு தாடிகளையும் கைகாட்டினார். "கூடாரம் போடக்கூடாதுன்னு இவங்க சொல்லிட்டாங்க. சர்பத் குடின்னு அவங்க கொண்டாந்து குடுத்தாங்க. தெருவுல யாரும் வரல. எப்படி வருவாங்க? உள்ள எரிஞ்ச கான்ஸ்டபிள் எங்க தெருப் பையன். அவன் அம்மா மூஞ்சில நானே முழிக்க முடியாது. எம்பையன் செத்ததுக்கு ஒருத்தரும் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலம்மா. இங்க கூடாரம் போட்டிருக்குன்னு கேள்விப்பட்டேன். ஒங்க பக்கத்துல கொஞ்சநேரம் நின்னுக்கவா?"

காறித் துப்பிவிட்டுப் போனால்கூட நியாயம் என்று ஹிக்மத்துக்குப் பட்டது. அவர் நிற்க இடம் கேட்கிறார். "நில்லுங்கண்ணே" என்று ஒதுங்கினாள்.

இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள். யாரும் வரவில்லை. இந்த மனுஷர் பஸ் பிடித்து இவ்வளவு தூரம் வந்து சும்மா நின்றுவிட்டுப் போவதா என்று ஹிக்மத்துக்குப் பொறுக்கவில்லை. தன் இடத்தை விட்டு இறங்கி, தெருவுக்குப் போய், விருந்தாளி மாதிரித் திரும்பி நடந்து வந்து அவர் கையைப் பிடித்தாள்.

"யூனுஸோட மிச்சம் உங்க ஆயுசுல சேரட்டும்."

கிழவர் ஓவென்று அழுதார். கர்னல் பேச்சை நிறுத்தினார். இது தங்கச்சியா அறிக்கையா என்று அவருக்கு உடனே முடிவு பண்ண முடியவில்லை. ஷஹாத்தா காப்பியைக் கொண்டுவந்து கிழவரின் கையில் வைத்தார்.

முதல் வரிசையிலிருந்து ஒரு சாம்பல் சட்டைக்காரன் எழுந்தான். கர்னல் முறைத்தும் உட்காரவில்லை. நேராக வந்து கிழவருக்குப் பக்கத்தில் நின்றான்.

"எங்கம்மா போனப்ப ஒங்கண்ணன் வீட்டு எதிர்லதான் எனக்கு டூட்டி, அக்கா. லீவு குடுக்கல. அவரு அன்னைக்கு வீட்ட விட்டு வெளியவே வரல. நான் பூட்டின கதவப் பாத்துக்கிட்டே நின்னேன்."

ஹிக்மத் அவன் கையைப் பிடித்து அதே வார்த்தையைச் சொன்னாள். அவன் முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான்.

எதிர்ச் சாரியில் ஒரு தாடிக்காரப் பையன் தெருவைத் தாண்டினான். பெண்ணின் கையைத் தொடமாட்டான் என்பதால் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, "எங்கக்கா போயிட்டா" என்று மட்டும் சொன்னான். அதற்கப்புறம் யார் எந்தப் பக்கம் என்று பார்க்க முடியவில்லை. நாற்காலிகள் காலியாயின. ஓதுகிறவர் எட்டில் ஒரு பங்கோடு நிறுத்திவிட்டு, மேடையை விட்டு இறங்கி வரிசையில் போய் நின்றார். அவருக்குக் குழந்தை தவறியிருந்தது. கூடாரத்து வாசலிலிருந்து ரொட்டிக்கடை வரைக்கும் துக்கம் வாங்குகிறவர்கள் நின்றார்கள். ரொட்டிக்கடைக்காரனும் நின்றான். கடைசி ஆளாக ஷஹாத்தா காப்பித் தட்டைக் கீழே வைத்துவிட்டு நின்றார். எத்தனையோ சாவுக்குக் கூடாரம் கட்டியவர், சொந்தப் பெண்டாட்டி போன அன்று பெரிய இடத்துக் கூடாரம் ஒன்றில் மாட்டிக்கொண்டுவிட்டாராம்.

"கூடாரத்துக்குள்ள போனவங்க பேர எழுதிக்கங்க!" என்று கத்தினார் டாக்டர் ஹில்மி. "வரிசையில நிக்கறவங்க பேர எழுதிக்கங்க!" என்று கத்தினார் கர்னல். இரண்டு தரப்பும் ஒரே பெயர்களை எழுதியது அன்றைக்குத்தான்.

ஹிக்மத் வரிசையின் முதலிலிருந்து கடைசிவரை நடந்தாள். ஒவ்வொருவரிடமும் செத்தவர் பேரைக் கேட்டு, அந்தப் பேரைச் சொல்லி, மிச்சம் உங்கள் ஆயுசில் சேரட்டும் என்றாள். சிலர் அவள் கையை விடவே மாட்டேன் என்றார்கள். சிலர் அவள் தோளில் முகம் வைத்து அழுதார்கள். அவளுக்கும் இப்போது அழுகை வரும்போல இருந்தது. இதோ முடிந்துவிடும், அப்புறம் யாராவது என்று நினைத்துக்கொண்டே நடந்தாள்.

முடிந்தது. எல்லோரும் காப்பியைக் குடித்தார்கள். மனசு லேசானவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். பேர் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று அப்போதுதான் நினைவுக்கு வந்ததோ என்னவோ, கடைசியில் கொஞ்சம் வேகமாகவே கலைந்தார்கள். அவள் இடத்துக்குத் திரும்பி வந்து நின்றாள். தறிக்காரர் அவள் முன்னால் வந்து நின்றார்.

"முடியலம்மா. அந்த ஆளு பேரு எனக்கு வாயில வரல."

"பரவால்லண்ணே. போயிட்டு வாங்க. கடைசி பஸ்ஸ விட்டுறாதீங்க."

இஷா பாங்கு சொன்னார்கள். கர்னல் கடிகாரத்தைக் காட்டிவிட்டு வண்டியில் ஏறினார். டாக்டர் ஹில்மி மிச்சச் சர்பத்தைத் தெருவில் ஊற்றிவிட்டு ஜாடியை எடுத்துக்கொண்டு போனார். ஷஹாத்தா துணிகளை அவிழ்த்து மடித்தார், அவள் பக்கம் திரும்பாமலே மடித்தார்.

"முஅல்லிம்" என்றாள் ஹிக்மத்.

"எனக்கு லைசென்ஸ் இருக்குக்கா. புள்ளைங்க இருக்காங்க. கோவிச்சுக்காதீங்க."

நாற்காலிகளை வண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு அவரும் போய்விட்டார். கூடாரம் இருந்த இடத்தில் தெரு மறுபடியும் தெருவாயிற்று. வாசலே இல்லாத வாசலில் ஹிக்மத் நின்றுகொண்டிருந்தாள். அடக்கம் பண்ணிய இடம் தெரியாததால், எந்தப் பக்கம் பார்த்துப் பேசுவதென்று தெரியாமல், பொதுவாக இருட்டைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டாள்.

"பாத்தியாண்ணே. ஊருக்கெல்லாம் நான் சொல்லி முடிச்சிட்டேன். எனக்குச் சொல்ல ஒரு ஆள விட்டு வச்சியா நீ?"